விண்வெளிச் சுற்றுலா: எல்லோருக்குமான வானம், சிலருக்கான இருக்கை

2024 மே 19 அன்று, அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸ் பாலைநிலத்திலிருந்து புளூ ஒரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு ஏவூர்தி ஆறு பயணிகளுடன் மேலெழுந்தது. ஏறத்தாழ பத்து நிமிடங்களில் கலம் தரையிறங்கியது. அதிலிருந்து இறங்கியவர்களுள் ஒருவர் எட் டுவைட். அப்போது அவருக்கு வயது 90. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் விண்வெளிக்குச் சென்றிருக்க வேண்டியவர்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வான்படை விமானியாக இருந்த டுவைட், கென்னடி ஆட்சியின் ஊக்குவிப்பால் விண்வெளி வீரர் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட முதல் கறுப்பினத்தவர். பயிற்சியை முடித்தார். ஆயினும் 1963இல் நாசா அறிவித்த 14 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1966இல் வான்படையிலிருந்து விலகிச் சிற்பியானார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் விண்வெளியை அடைய 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டுவைட்டுக்கு மறுக்கப்பட்ட பயணம் இறுதியில் ஒரு சுற்றுலா இருக்கையாக அவரை வந்தடைந்தது. அவ்விருக்கைக்கான கட்டணத்தை நன்கொடை அமைப்புகள் ஏற்றுக்கொண்டன.

அதே கலத்தில் விஜயவாடாவில் பிறந்த கோபிசந்த் தோட்டகூராவும் பயணம் செய்தார். இந்தியாவின் முதல் விண்வெளிச் சுற்றுலாப் பயணி என ஊடகங்கள் அவரைக் கொண்டாடின. ‘விண்வெளி இனி எல்லோருக்கும்’ என்ற முழக்கம் அன்று மீண்டும் ஒலித்தது. டுவைட்டின் பயணம் மகிழத்தக்கதே. ஆனால் அரசு இழைத்த ஓர் அநீதியைத் தனியாரின் கொடை ஈடுசெய்துவிட்டதாகக் கொள்ளலாமா? ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள் உண்மையில் யார் இருக்கிறார்கள்? விண்வெளிச் சுற்றுலாவின் இன்றைய நிலையையும் எதிர்காலத்தையும் இக்கேள்விகளைக் கொண்டே அளக்க வேண்டும்.

இருவகைப் பயணங்கள்

‘விண்வெளிச் சுற்றுலா’ என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரு பயணங்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்புவது. நியூ ஷெப்பர்டு செங்குத்தாக எழுந்து, 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கார்மன் கோட்டைச் சற்றே கடந்து, ஏவப்பட்ட இடத்துக்கு அருகிலேயே இறங்குகிறது. பயணிகள் எடையின்றி மிதப்பது மூன்று நான்கு நிமிடங்களே. வர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் கலத்தை ஒரு தாய் விமானம் உயரே சுமந்து சென்று விடுவிக்கும். அங்கிருந்து அது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல்வரை செல்லும். அமெரிக்க அரசு 80 கிலோமீட்டரையே விண்வெளியின் தொடக்கமாகக் கொள்வதால், அப்பயணமும் விண்வெளிப் பயணம் எனப்படுகிறது.

இரண்டாவது, பூமியைச் சுற்றிவருவது. இதற்கு மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் தேவை. விளிம்பைத் தொட்டுத் திரும்பும் கலத்தின் உச்ச வேகம் மணிக்கு 3,700 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும். வேகம் ஏழரை மடங்கு உயரும்போது, ஒரே எடைக்குத் தேவைப்படும் இயக்க ஆற்றல் ஐம்பது மடங்குக்கு மேல் உயர்கிறது. திரும்பும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக வெளிப்படும். அதைத் தாங்கும் கவசமும் வேண்டும். இரு பயணங்களின் விலைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருப்பதற்கு இந்த இயற்பியலே அடிப்படை. ‘இன்று பத்து நிமிடம், நாளை பத்து நாள்’ என்ற விளம்பர மொழி இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

விலை குறைந்ததா?

தம் சொந்தப் பணத்தில் விண்வெளி சென்ற முதல் மனிதர் அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோ. 2001 ஏப்ரல் 28 அன்று கசகஸ்தானின் பைகோனூரிலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பினார். அவர் செலுத்தியதாகக் கூறப்பட்ட தொகை 2 கோடி டாலர். 2009 வரை ஏழு பேர் இவ்வழியில் சென்றனர். அவர்களுள் ஒருவர் இருமுறை சென்றார். 2006இல் சென்ற அனூஷே அன்சாரி, தம் செலவில் விண்வெளி சென்ற முதல் பெண். அமெரிக்கா 2011இல் தன் விண்வெளி ஓடங்களுக்கு ஓய்வளித்தது. அதன் பின் சோயுஸ் இருக்கைகளை நாசாவே வாங்கியதால் சுற்றுலாவுக்கு இடமில்லாது போயிற்று.

2021இல் கதவு மீண்டும் திறந்தது. ஜூலை 11 அன்று வர்ஜின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனும், ஒன்பது நாள் கழித்து அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோசும் தத்தம் கலங்களில் சென்றுவந்தனர். செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலம், அரசு விண்வெளி வீரர் எவருமின்றி நான்கு குடிமக்களுடன் மூன்று நாள்கள் பூமியைச் சுற்றியது. 2022இல் ஆக்சியம் நிறுவனம் விண்வெளி நிலையத்துக்குத் தனியார் பயணத்தைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஜாரட் ஐசக்மேன் குழுவினர் தனியார் பயணமொன்றில் முதன்முறையாகக் கலத்துக்கு வெளியே வந்து விண்நடை மேற்கொண்டனர்.

போட்டி பெருகினால் விலை குறையும் என்பதே தொடக்கம் முதல் சொல்லப்பட்டுவரும் வாக்குறுதி. கணக்கோ வேறு சொல்கிறது. வர்ஜின் கேலக்டிக் தொடக்கத்தில் 2 லட்சம் டாலருக்குச் சீட்டு விற்றது. அது 2.5 லட்சமாகி, 2021இல் 4.5 லட்சமாகி, பின்னர் 6 லட்சத்தை எட்டியது. விண்வெளி நிலையத்துக்கான இருக்கை 2001இல் 2 கோடி டாலர். 2022இல் ஆக்சியம் பயணத்துக்கு 5.5 கோடி டாலர் எனக் கூறப்பட்டது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது உயர்வுதான். இத்தனைக்கும் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே உந்துகலத்தை முப்பது முறை ஏவும் அளவுக்கு மறுபயன்பாட்டுத் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. ஏவும் செலவில் கிடைத்த மிச்சம் சுற்றுலாச் சீட்டின் விலையில் இறங்கவில்லை.

6 லட்சம் டாலர் என்பது 5 கோடி ரூபாய்க்கு மேல். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஆண்டுக்கு முழுமையாக நூறு நாள் வேலை பெறும் ஒருவர், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் சேர்த்தால், சில நிமிட மிதப்புக்கான சீட்டை வாங்க ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் ஆகும்.

மூன்று வாயில்கள்

விண்வெளிக்குச் செல்ல இதுவரை மூன்று வாயில்கள் இருந்துள்ளன.

முதல் வாயில் அரசின் தேர்வு. தகுதி என்ற பெயரில் அங்கு வைக்கப்பட்ட அளவுகோல்கள் நடுநிலையானவை அல்ல. அமெரிக்கா தன் முதல் விண்வெளி வீரர்களை இராணுவச் சோதனை விமானிகளிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுத்தது. அப்பணியில் அன்று பெண்களுக்கு இடமே இல்லை. 1961இல் மருத்துவச் சோதனைகளில் சிறந்து தேறிய வாலி ஃபங்க் என்ற பெண் விமானி அந்த ஒரே காரணத்தால் வெளியே நின்றார். ‘பெண்களுக்குத் தடை’ என்றோ ‘கறுப்பினத்தவருக்குத் தடை’ என்றோ எந்த விதியும் எழுதப்படவில்லை. விலக்கப்பட்டோரால் எட்ட இயலாத ஒரு முன்தகுதியே அந்தத் தடையின் வேலையைச் செய்து முடித்தது. இத்தகைய ‘தகுதி’ எவ்வாறு இயங்கும் என்பதைச் சமூகநீதிக் களத்தில் நிற்போருக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாயில் பணம். அது இனத்தையும் பாலினத்தையும் நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் செல்வம் தலைமுறைகளாகக் குவிந்த இடங்களிலிருந்தே பயணிகள் வருகிறார்கள்.

மூன்றாம் வாயில் புரவலர் கொடை. 2021இல் பெசோஸ் தம்முடன் வாலி ஃபங்க்கை அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது 82. அறுபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அவர் சென்றது ஒரு செல்வந்தரின் விருந்தினராக. 2023 ஆகஸ்டில் கரீபியத் தீவான ஆன்டிகுவாவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் குலுக்கலில் பரிசாகக் கிடைத்த இருக்கைகளில் வர்ஜின் கலத்தில் பறந்தனர். 2025 ஏப்ரலில் பெண்கள் மட்டுமே சென்ற புளூ ஒரிஜின் பயணம் பெண் விடுதலையின் அடையாளமாக விளம்பரப்படுத்தப்பட்டது. கலத்தின் முகங்கள் பன்மையாகின்றன; யார் ஏறலாம் என்று முடிவுசெய்யும் கை மாறவில்லை.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை ஜப்பானியச் செல்வந்தர் யுசாகு மேசாவாவின் திட்டம் தெளிவாகக் காட்டியது. நிலவைச் சுற்றிவரும் பயணத்துக்கு உலகெங்கும் உள்ள கலைஞர்களைத் தம் செலவில் அழைத்துச் செல்வதாக 2018இல் அவர் அறிவித்தார். எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏவூர்தி ஆயத்தமாகத் தாமதமானதால் 2024 ஜூனில் திட்டத்தையே கைவிட்டார். தேர்வானவர்களுக்கு முறையிட ஓரிடமும் இல்லை. கொடுத்தவர் மனம் மாறினால் கொடை முடிந்துபோகும். உரிமை அவ்வாறு முடிவதில்லை.

யாருடைய பணம், யாருடைய உயிர்

இத்தொழில் முழுக்கத் தனியார் முயற்சி என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பைகோனூர் ஏவுதளம் சோவியத் மக்களின் உழைப்பில் எழுந்தது. இன்று சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் டிராகன் கலத்தை மனிதப் பயணத்துக்கு ஏற்றதாக உருவாக்க 2014இல் நாசா ஸ்பேஸ்எக்ஸுக்கு வழங்கிய ஒப்பந்தத்தின் மதிப்பு 260 கோடி டாலர். வர்ஜின் கேலக்டிக் பயன்படுத்தும் ‘ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா’ ஏவுதளம், அமெரிக்காவின் ஏழை மாநிலங்களுள் ஒன்றான நியூ மெக்சிகோவில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. அதற்காக இரண்டு மாவட்டங்களின் மக்கள் கூடுதல் விற்பனை வரி செலுத்தினர். கடையில் பொருள் வாங்கிய ஒவ்வோர் எளியவரும் அதற்குப் பங்களித்தார். அங்கிருந்து முதல் சுற்றுலாப் பயணிகள் புறப்பட்டது 2023இல்தான். 2024 ஜூனில் பழைய கலத்துக்கு ஓய்வளித்த நிறுவனம், புதிய கலம் வரும்வரை பயணங்களை நிறுத்திக்கொண்டது.

2021இல் தரையிறங்கியவுடன் பெசோஸ், இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் அமேசான் ஊழியர்களும் வாடிக்கையாளர்களுமே என்று நன்றி தெரிவித்தார். அது முழு உண்மை. தங்கள் உழைப்பின் உபரி எதற்குச் செலவாக வேண்டும் என்று அவ்வூழியர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

உயிரிழப்புகளும் அடித்தளத்திலேயே தொடங்கின. 2007 ஜூலையில் வர்ஜின் கலத்துக்கான உந்துபொறிச் சோதனையின்போது கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஏற்பட்ட வெடிப்பில் மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். 2014 அக்டோபர் 31 அன்று சோதனைப் பயணத்தில் கலம் நடுவானில் சிதறி, துணை விமானி உயிரிழந்தார். சுற்றுலாப் பயணி ஒருவர்கூட ஏறுவதற்கு முன்பே நால்வரின் உயிர் போய்விட்டது. விண்வெளிச் சுற்றுலாவின் கொண்டாட்ட வரலாறுகளில் இவர்கள் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

காற்றில் கலக்கும் கணக்கு

‘உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022’ ஓர் ஒப்பீட்டை முன்வைத்தது. மறைமுக உமிழ்வுகளையும் சேர்த்தால், 11 நிமிட விண்வெளிப் பயணம் பயணி ஒருவருக்குக் குறைந்தது 75 டன் கார்பனை வெளியிடுகிறது. உலகின் அடித்தட்டில் வாழும் ஏறத்தாழ 100 கோடிப் பேரில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு வெளியிடுவது ஒரு டன்னுக்கும் குறைவு. ஓர் ஏழையின் வாழ்நாள் முழுவதற்குமான உமிழ்வை ஒரு பயணி சில நிமிடங்களில் செலவிட்டுவிடுகிறார்.

எரிபொருளைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். நியூ ஷெப்பர்டு நீர்ம ஹைட்ரஜனை எரிப்பதால் அதன் புகை பெரும்பாலும் நீராவியே. ஆனால் அந்த ஹைட்ரஜனை உருவாக்கச் செலவாகும் ஆற்றலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மண்ணெண்ணெய் வகையையோ ரப்பர் போன்ற திட எரிபொருளையோ எரிக்கும் ஏவூர்திகள் கரித்துகள்களை உமிழ்கின்றன. தரையருகே வெளியாகும் கரித்துகள்களை மழை விரைவில் கழுவிவிடும். ஓசோன் படலம் அமைந்திருக்கும் உயரத்தில் மழை இல்லை. அங்கே துகள்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஏவூர்திகள் உமிழும் கரித்துகள் வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் பிற மூலங்களின் கரித்துகளைவிட ஏறத்தாழ 500 மடங்கு வீரியமானது என 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்று பயணங்களின் எண்ணிக்கை குறைவு. ஆகவே மொத்தப் பாதிப்பும் குறைவு. நாள்தோறும் பயணம் என்பதே நிறுவனங்களின் இலக்காக இருக்கும்போது, அந்தக் ‘குறைவு’ நிலைத்திராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, விண்வெளியின் ஆய்வும் பயன்பாடும் மனிதகுலம் முழுவதற்கும் உரிய களம் என்றும், அவை எல்லா நாடுகளின் நலனுக்காகவும் நடைபெற வேண்டும் என்றும் அறிவிக்கிறது. தனியார் நிறுவனங்களின் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பு என்கிறது. ஆனால் அந்த நலன் எளிய மக்களை எவ்வாறு அடைய வேண்டும் என்பதற்கான வழிமுறை எதுவும் அதில் இல்லை. பொதுச்சொத்து எனத் தாளில் எழுதுவது ஒன்று. அதை அணுக வழிவகுப்பது வேறொன்று.

பயணிகளின் பாதுகாப்புக்கான சட்டமோ இன்னும் மெலிந்தது. அமெரிக்கா 2004இல் இயற்றிய சட்டம், தொழில் வளரும்வரை பயணிகளின் பாதுகாப்புக்கான விதிகளை இயற்றுவதிலிருந்து விமானப் போக்குவரத்து ஆணையத்தைத் தடுத்தது. ‘கற்றல் காலம்’ எனப்படும் அத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டு, இப்போது 2028 ஜனவரி 1 வரை நீடிக்கிறது. கலம் பாதுகாப்பானது என அரசு சான்றளிக்கவில்லை என்பதைப் பயணிக்கு எழுத்தில் தெரிவித்து, அவரிடம் ஒப்புதல் பெற்றால் போதும். 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி ஐவர் இறந்தனர். ஒப்புதல் கையெழுத்து பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?

2025 ஜூன் 25 அன்று சுபான்சு சுக்லா ஆக்சியம் நிறுவனத்தின் நான்காம் பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அவர் சுற்றுலாப் பயணி அல்லர். அரசின் விண்வெளி வீரர். இந்திய ஆய்வுகளை அங்கே மேற்கொண்டார். எனினும் அவர் சென்றது தனியார் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கப்பட்ட இருக்கையில். இதற்காக இந்திய அரசு ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் வெளியாயின. செல்வந்தருக்கு விற்கப்படும் அதே சந்தையில் வளரும் நாடுகளின் அரசுகளும் வாடிக்கையாளர்களாகிவிட்டன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் வான்படைச் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள். முதல் பயணங்களுக்கு அவ்வனுபவம் தேவை என்ற வாதத்தை ஏற்கலாம். ஆனால் 1960களின் அமெரிக்கா காட்டிய பாடம் நம்முன் இருக்கிறது. அடுத்த குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது அறிவியலாளர், மருத்துவர், ஆசிரியர் ஆகியோருக்கும் வாயில் திறக்கப்படுமா, தெரிவு முறை வெளிப்படையாக இருக்குமா என்பதை இப்போதே கேட்க வேண்டும். ‘இந்திய விண்வெளிக் கொள்கை 2023’ தனியாருக்குத் துறையை அகலத் திறந்துவிட்டுள்ளது. ஆனால் இழப்பீடு, பொறுப்பு, பாதுகாப்பு ஆகியவற்றை வரையறுக்கும் முழுமையான விண்வெளிச் சட்டம் முந்தவில்லை, கொள்கையே முந்திக்கொண்டது.

ஏவுதளங்களுக்கு நிலம் வேண்டும். தும்பாவில் 1960களில் மீனவக் குடும்பங்கள் தம் கடற்கரையை விட்டுக்கொடுத்தன. அவர்களின் தேவாலயமே இந்திய விண்வெளி ஆய்வின் முதல் பணியிடமாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் யானாதிப் பழங்குடியினர் தம் வாழிடங்களை இழந்தனர். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஈராயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அமையவிருக்கும் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது சிறு செயற்கைக்கோள்களுக்கானது, சுற்றுலாவுக்கானதன்று. வானிலை அறிவிப்பும் தொலைத்தொடர்பும் எல்லோரையும் சென்றடைகின்றன என்பதால், இதுவரையிலான இழப்புகளுக்குப் பொதுநலன் என்ற விளக்கமேனும் இருந்தது. நாளை ஒரு தனியார் சுற்றுலா நிறுவனம் கடற்கரை கேட்டு வந்தால், அவ்விளக்கத்தைக் கடன்வாங்க அதற்கு உரிமை இல்லை.

எதிர்காலம்

விமானப் பயணமும் ஒரு காலத்தில் செல்வந்தருக்கே உரியதாக இருந்தது, பின்னர் எல்லோருக்குமானது என்பது ஆதரவாளர்களின் முதன்மை வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் விமானம் மக்களை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்கிறது. வேலைக்கும் வணிகத்துக்கும் உறவுக்கும் அது பயன்பட்டதால் பயணிகள் பெருகினர். அமெரிக்காவில் தொடக்கக்கால விமான நிறுவனங்கள் அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களைக் கொண்டே பிழைத்தன. புறப்பட்ட இடத்திலேயே இறங்கும் பத்து நிமிடப் பயணத்துக்கு அத்தகைய தேவை இல்லை. 1961 முதல் இன்றுவரை விண்வெளி சென்றோரின் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030ஐ ஒட்டிச் செயலிழக்கச் செய்ய நாசா திட்டமிட்டுள்ளது. அதன்பின் ஆக்சியம், வாஸ்ட் போன்ற நிறுவனங்கள் தனியார் நிலையங்களை இயக்க விரும்புகின்றன. ஸ்டார்ஷிப் போன்ற பேரூர்திகள் வெற்றி பெற்றால் ஏவும் செலவு பெருமளவு குறையக்கூடும். அப்போதும் விலை கோடிகளிலிருந்து லட்சங்களுக்கு இறங்கலாமே தவிர, உழைக்கும் மக்களின் கைக்கு எட்டாது. வரும் பத்தாண்டுகளில் மாறக்கூடிய உண்மையான செய்தி வேறு: பல அரசுகள் சேர்ந்து நடத்திய நிலையத்தின் இடத்தைத் தனியார் சொத்துகள் பிடிக்கும். விண்வெளியில் யார் ஆய்வு செய்யலாம், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இடமுண்டு என்பதை வாடகை முடிவுசெய்யும்.

ஆகவே மாணவர்களும் இயக்கங்களும் எழுப்ப வேண்டிய கோரிக்கை ‘எங்களுக்கும் ஓர் இலவச இருக்கை’ என்பதன்று. பொதுப்பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பத்தின் ஆதாயத்தில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும். ஆய்வு நோக்கமற்ற பயணங்கள்மீது வரி வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2021இல் முன்மொழியப்பட்டும் நிறைவேறாத யோசனை அது. உமிழ்வுக் கணக்கை வெளியிடுவதும் பயணி, தொழிலாளி இருவரின் பாதுகாப்பும் சட்டக் கடமையாக வேண்டும். நிலம் தரும் சமூகங்களின் ஒப்புதலும் மறுவாழ்வும் ஏவுதளத் திட்டத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். அரசு செலவில் செல்லும் ஒவ்வோர் இருக்கைக்கும் வெளிப்படையான தெரிவும், எல்லாப் பிரிவினரும் அந்தத் தகுதியை எட்டுவதற்கான கல்வி வாய்ப்பும் வேண்டும்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்தின் வாயிலுக்குச் சென்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். அபர்நதி நிலவுப் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை; அச்சாதனையை அவர் மதித்தார். அதே அறிவாற்றலைப் பசியைப் போக்கவும் பயன்படுத்துங்கள் என்றே கேட்டார். அன்று அக்கேள்வியை எதிர்கொள்ள அரசு அதிகாரி ஒருவர் வாயிலுக்கு வந்தாக வேண்டியிருந்தது. நாளைய ஏவுதளம் முற்றிலும் தனியாருடையதாகிவிட்டால், கேள்வியோடு செல்வோரைச் சந்திக்க வாயிலுக்கு வரும் கடமை எவருக்கும் இராது. விண்வெளியைப் பொதுவில் வைத்திருக்க வேண்டியதன் தேவை அங்கிருந்தே தொடங்குகிறது.